மீட்டருக்குக் கீழே ஒரு ஸ்டூல்

அந்தப் பையை மட்டும் மிதித்துவிடாதீர்கள், தம்பி. காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஆமாம், வெளியே எட்டிப் பார்ப்பது தாடிதான். பயப்படாதீர்கள், உள்ளே ஆள் இல்லை, வெறும் தாடி. நைலான். திருநெல்வேலியில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. பழைய தாடியில் எலி குடித்தனம் நடத்திவிட்டது.

நீங்கள் எது வரைக்கும்? திருச்செந்தூரா? அப்படியென்றால் சொல்லலாம். நல்மேய்ப்பர்புரத்தில் இறங்குகிறவராக இருந்தால் இந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே முட்டைக்கோசு இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். எங்கள் ஊர்க் கிறிஸ்மஸ் தாத்தா யார் என்பது எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. என் மனைவி ரூபவதிக்குத் தெரியும். கோட்டை மடித்துத் தைத்தவளே அவள்தான். மற்றபடி ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

"ஊருக்கே தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது" என்பாள் அவள். கல்யாணமான நாளிலிருந்தே எதையும் மாற்றிப் பேசுகிற சுபாவம். விடுங்கள்.

என் பெயர் தேவஇரக்கம். கரண்ட் ஆபீஸில் ரீடிங் எடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் எல்லா வீட்டு மீட்டரும் எனக்கு அத்துப்படி. மனிதர்களின் முகம் மறந்துபோகும், மீட்டரின் முகம் மறக்காது. அந்த வேலையில் ஒரு கஷ்டம், தம்பி. நான் வாசலில் போய் நின்றால் யாருக்கும் முகம் மலராது. தபால்காரரைப் பார்த்துச் சிரிப்பார்கள். மீன்காரியைப் பார்த்துச் சிரிப்பார்கள். என்னைக் கண்டால் உள்ளே ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவார்கள். ஏதோ நான்தான் அவர்கள் வீட்டுக் கரண்டை எல்லாம் குடித்துவிட்டு ஏப்பம் விட்டவன் மாதிரி ஒரு பார்வை.

நானோ குள்ளம். பார்த்தாலே தெரிகிறதே. மீட்டரை எல்லா வீட்டிலும் உயரத்தில் மாட்டியிருப்பார்கள். "ஒரு ஸ்டூல் எடுத்துப் போடுங்கம்மா" என்றால், "ஸ்டூல் கால் ஒடிஞ்சு போச்சே அண்ணாச்சி" என்பார்கள். ஊரில் எல்லா ஸ்டூலுக்குமா கால் ஒடியும்? அடுக்களையில் அதே ஸ்டூலின் மேல் மிக்ஸி சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். நான் பார்ப்பேன். பார்த்துவிட்டு, நுனிக்காலில் எக்கி, கழுத்தை நீட்டி, கண்ணுக்கு மேல் கையை வைத்து, எண்ணைப் படித்து எழுதிக்கொண்டு போவேன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் விட்ட நாள் வரை எனக்கு ஒருவர்கூட ஸ்டூல் போட்டதில்லை. ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் சால்வை போட்டார்கள். சால்வையின் மேல் ஏறி நிற்க முடியுமா?

சரி, தாத்தா கதைக்கு வருகிறேன்.

பண்டிகைக்கு முந்தின வாரம் எங்கள் சபைப் பாடகர் குழு, விளக்கு வைத்த கையோடு வீடு வீடாகப் போய்ப் பாடும், கேரல் என்போம். டிரம் உண்டு, கஞ்சிரா உண்டு, நடுவில் தாத்தா ஆடிக்கொண்டே மிட்டாய் எறிவார். தாத்தாவுக்கு முகமூடி உண்டு, பேச்சு கிடையாது. தாத்தாவாக வருகிறவர் தன் வீட்டிலேயே வேஷம் கட்டிக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்துவிடுவார். யார் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. அது முறை. நான் ஓய்வு பெற்ற வருஷம், அதுவரை தாத்தாவாக இருந்தவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னம் பலூனாகி, முகமூடி ஏறவில்லை. குழுவை நடத்துகிற ஹெப்சிபா டீச்சர் கோட்டை எடுத்துவந்து ரூபவதியிடம் கொடுத்தாள்.

"கிழிஞ்சதத் தச்சு வையுங்கக்கா. யாராவது வந்து கேட்டா குடுத்துருங்க. யாருன்னு எனக்குச் சொல்ல வேண்டாம். கை கால் இருந்தாப் போதும்."

நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கை கால் இருந்தது.

முதல் வீடு, நான் போனால் கதவைப் பாதிதான் திறக்கிற வீடு. அன்று இரண்டு கதவும் விரியத் திறந்தது. "தாத்தா வந்தாச்சு! உள்ள வாங்க தாத்தா, உள்ள வாங்க!" அந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். என் மூக்குக்கு நேரே கதவைச் சாத்திய அதே கை. முகமூடிக்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகமூடிக்குள் அழுதால் துடைக்க முடியாது, தம்பி. அது தாடிக்குள் இறங்கும். அரிக்கும். அரிக்க அரிக்க ஆடினேன்.

அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். இது நான்தான் என்று ஊருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அந்தக் கதவு மறுபடியும் பாதியாகிவிடும்.

ஆட்டம் என்றால் சும்மா கையைக் காலை உதறுவதில்லை. எனக்கென்று ஒரு அடவு, நானே யோசித்துக் கண்டுபிடித்தது. நுனிக்காலில் எக்கி, கழுத்தை நீட்டி, கண்ணுக்கு மேல் கையை வைத்து உயரே ஓர் இடத்தைப் பார்ப்பது. பிறகு உள்ளங்கையில் விரலால் எழுதுவது போல ஒரு சுழற்று. எங்கிருந்து வந்ததோ, கர்த்தர் கொடுத்தது. குழந்தைகளுக்கு அந்த அடவு பைத்தியம். ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவில் அத்தனை பிள்ளைகளும் வரிசையாக எக்கி, பார்த்து, எழுதி ஆடினார்கள். சபை குருவை நாங்கள் ஐயர் என்போம். ஐயர் பிரசங்கத்திலேயே சொன்னார், கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் நட்சத்திரத்தைத் தேடினது போல இருக்கிறது என்று. ஜனங்கள் ஏனோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் ஜனங்களுக்குப் பிரசங்கத்தில் எங்கே சிரிப்பது என்று தெரியாது.

அந்த நாட்களில் என் பேர் எங்கேயோ போய்விட்டது. தாத்தாவின் பேர் என்று சொல்ல வேண்டும். கேரலுக்கு வெளியூர் ஆட்கள் பார்க்க வந்தார்கள். எல்லா வீட்டிலும் எல்லோருக்கும் கேக்கும் டீயும் கொடுப்பார்கள். தாத்தாவுக்கு மட்டும் சர்க்கரை இல்லாத காப்பி, உறிஞ்சுகுழல் போட்டு. எனக்குச் சர்க்கரை வியாதி, அது எப்படி இவ்வளவு பொருத்தமாக அமைந்தது என்று நானே வியந்திருக்கிறேன். குளிர் தேசத்துத் தாத்தாக்கள் இனிப்புச் சேர்க்க மாட்டார்கள் போலிருக்கிறது. டிரம் சத்தத்துக்குக் குரைக்கிற நாய்கள் எல்லாம் என்னைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வரும். சிவப்பு நிறம் நாய்க்குப் பிடிக்கும். வேலைக் காலத்தில் நான் அதுகளுக்கு வீடு தவறாமல் வர்க்கி போட்டுவந்தேன், அது வேறு விஷயம். சில வீடுகளில் தாத்தா வாசல்படி ஏறியதுமே ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவார்கள். பாட்டு நன்றாகக் கேட்க வேண்டுமே.

எங்கள் வீட்டுக்கும் தாத்தா போயாக வேண்டும். ரூபவதி கதவைத் திறந்து, "வாங்க தாத்தா. எங்க வீட்டுக்காரர் இல்லையே, பால் வாங்கப் போயிருக்காரு" என்பாள். ஒவ்வொரு வருஷமும் பால்தான். "அண்ணாச்சிக்குப் பால் கிடைச்சுதா அக்கா?" என்று ஹெப்சிபா டீச்சர் மறக்காமல் விசாரிப்பாள். பாவம், அக்கறையான பெண்.

பிறகுதான் வேதமாணிக்கம் வீட்டு நட்சத்திரம் வந்தது.

வேதமாணிக்கம் எங்கள் சபைச் செயலாளர். அந்த வருஷம் அவர் மாடியில் மூங்கில் கட்டி, ஒரு ஆள் உள்ளே படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரிய நட்சத்திரம் தொங்கவிட்டார். வீடு முழுக்க சீரியல் பல்பு. வேப்பமரத்தில், கிணற்றுச் சுவரில், ஆட்டுக்கொட்டகையில்கூட. குழு பாடுகிறது. நான் ஆடுகிறேன். என் அடவு வந்தது. எக்கினேன். கழுத்தை நீட்டினேன்.

மீட்டரில் சக்கரம் நிற்கிறது, தம்பி.

வெளியே ஜெகஜோதி. உள்ளே சக்கரம் அசையவில்லை. என் கால் நின்றுவிட்டது. வாய் நிற்கவில்லை.

"வேதமாணிக்கம், மீட்டர் ஓடலையே!"

பாட்டு பாதியில் அறுந்தது. தாத்தா பேசிவிட்டார்! ஒரு குழந்தை வாயிலிருந்த மிட்டாயை அப்படியே துப்பிவிட்டது.

வேதமாணிக்கம் சிரித்த முகம் மாறாமல் பல்லிடுக்கில் சொன்னார்: "தாத்தா பேசப்படாது."

"தாத்தா பேசாம யாரு பேசுவா? கம்பத்திலேருந்து கொக்கி போட்டிருக்கீரு!"

"வடதுருவத்திலேருந்து வந்தவருக்கு எங்க ஊர்க் கம்பத்தப் பத்தி என்னவே தெரியும்?"

நல்ல கேள்விதான். ஆனால் பிள்ளைகள் நிற்கிற இடத்தில் தோல் உரிந்த ஒயர் தொங்குகிறது. பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? தாத்தாவின் கையில் காய்ந்த கம்பு ஒன்று உண்டு. அதால் ஒயரை ஒரு இழுப்பு, கம்பத்தில் கொக்கி கழன்றது. வீடு இருண்டது. அந்த இழுப்பில் மாடியில் சரசரவென்று ஒரு சத்தம். பிறகு தொப்பென்று ஒரு சத்தம். யாரோ டார்ச் அடித்தார்கள். நட்சத்திரத்தின் நடுவில் ஐயர் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"யாரும் பயப்பட வேண்டாம்" என்றார் ஐயர். "எனக்கு ஒண்ணும் இல்ல. ஒரு கூரு மட்டும் காதுல குத்துது."

மறு வாரம் ஹெப்சிபா டீச்சர் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் நாட்காட்டியைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணாச்சி, அந்தத் தாத்தா யாருன்னு எங்க யாருக்கும் தெரியாதுல்லா. நீங்க அங்க இங்க போற ஆளு. எங்கயாவது பாத்தீங்கன்னா சொல்லிருங்க. இனிமே வர வேண்டாம்னு செயலாளர் சொல்லுதாரு."

"பார்த்தால் சொல்கிறேன்" என்றேன்.

"வருத்தப்படப் போறாரு அண்ணாச்சி, மெதுவாச் சொல்லுங்க."

"மெதுவாகவே சொல்கிறேன்."

ஒரு விஷயத்தில் எனக்கு ஆறுதல். வேலை போனாலும் ரகசியம் போகவில்லை. அவ்வளவு பேசியும், மீட்டர் என்றும் கொக்கி என்றும் கத்தியும், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை பாருங்கள். முகமூடி குரலை அப்படி மாற்றிவிடுகிறது.

அடுத்த டிசம்பரில் வேதமாணிக்கம் மதுரையிலிருந்து ஒரு தாத்தாவை வாடகைக்குக் கொண்டுவந்தார். காற்றடைத்த தாத்தா. இடுப்பில் சின்ன ஃபேன் ஒன்று ஓடி ஓடி உடையைப் புடைக்க வைக்கும். யானைக்குட்டி உயரம். கேரல் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக நான் பால் வாங்கப் போகவில்லை. வாசலில் வேட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்காரனாக நின்றேன். அது வந்து எனக்குக் கை கொடுத்தது. பிடித்தேன். கைக்குள் கை இல்லை, தம்பி. காற்று. அமுக்க அமுக்க அது பின்வாங்கிப் போனது. அந்தப் பண்டிகையில் நான் வெல்லப்பாகு முந்திரிக்கொத்துகூடத் தின்னவில்லை. ரூபவதி அதற்கு மட்டும் சந்தோஷப்பட்டாள்.

பின்னாலேயே போனேன் என்று நினைக்காதீர்கள். மெழுகுவத்தி வாங்கப் போன வழியில், வேதமாணிக்கம் வீட்டுச் சுவருக்குப் பின்னால், தற்செயலாகக் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் வீட்டில் ஒரு ராஜபாளையம் நாய், டைட்டஸ் என்று பேர். என்னைக் கண்டால் பூனையாகிவிடும். அது காற்றுத் தாத்தாவைக் கண்டது. ஒரே பாய்ச்சல். பின்பக்கம் பிடித்தது பாருங்கள், புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். தாத்தாவுக்கு முதலில் வயிறு போனது. பிறகு நெஞ்சு போனது. பிறகு தலை மெள்ளத் தொங்கி முன்னால் கவிழ்ந்தது. குவிந்து கிடந்த துணிக்குள்ளிருந்து பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஒரு ஒல்லிப் பையன் எழுந்து, "என்ன சார், நாயக் கட்டலன்னு சொல்லவே இல்ல?" என்றான்.

பிள்ளைகள் தாத்தா செத்துப்போனார் என்று ஒப்பாரி வைத்தார்கள். ஐயர் ஜெபம் பண்ணித்தான் அடக்க வேண்டியிருந்தது. சுவருக்குப் பின்னால் நான் துக்கமாகத்தான் நின்றேன். தோள் குலுங்கியது துக்கத்தில்.

போன வருஷம் டிசம்பர் பிறந்ததும் ஹெப்சிபா டீச்சர் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, பழைய தாத்தாவ எங்கயாவது பாத்தீங்களா?"

"பார்க்கவில்லையே."

"பாத்தா வரச் சொல்லுங்க. பிள்ளைகள் அழுவுது."

"செயலாளர் என்ன சொல்கிறார்?"

"அவருதான் அனுப்புனாரு. வீட்டுக்கு ஒழுங்கா லைன் இழுத்துட்டாரு. தாத்தாவுக்கு அதையும் சொல்லிரச் சொன்னாரு."

"தாத்தாவுக்கு எதற்கு அதெல்லாம்?" என்றேன் நான், உஷாராக.

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருமினாள். அடுக்களையில் ரூபவதியும் இருமினாள். பனிக்காலம்.

இந்தத் தடவை நான் ரொம்பக் கவனமாக இருப்பது என்று தீர்மானித்தேன். மீட்டர் விவகாரத்துக்குப் பிறகு எவனாவது துருவித் துருவி யோசித்திருக்கலாம். ஆகவே மீட்டர் பக்கமே திரும்புவதில்லை. தரையைப் பார்த்து ஆடுவது. அந்த அடவும் வேண்டாம். நடையைக்கூட மாற்றினேன். வலது காலை இழுத்து இழுத்து, வீட்டுக்குள் ஒத்திகை பார்த்தேன். ரூபவதி தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கோயில் வாசலில் ஊரே நின்றது. காலை இழுத்துக்கொண்டு போனேன். முதல் வீட்டில் இரண்டு கதவும் திறந்துதான் இருந்தது. ஆடினேன். ஒரு சிரிப்பு இல்லை. மிட்டாய் எறிந்தேன், கீழே கிடந்தது, ஒரு பிள்ளைகூடக் குனியவில்லை. டைட்டஸ் மட்டும் வேலி தாண்டி ஓடிவந்து வாலை ஆட்டியது. அதற்கும் நான் முகம் கொடுக்கவில்லை. ஒரு சின்னப் பெண், ரிப்பன் கட்டினவள், அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"எம்மா, இதும் டூப்ளிகேட்டு."

அவ்வளவுதான், அழுகை தொற்றிக்கொண்டது. தம்பி, எனக்குக் கால் உண்மையாகவே இழுத்தது. அத்தனை ஆசையாகத் திறந்த கதவு என் கண்ணெதிரே மறுபடியும் பாதியாகிறது என்று நினைத்தேன். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நிஜமாகவே பால் வாங்கப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஹெப்சிபா டீச்சர் கஞ்சிராவால் என் முதுகில் ஒன்று வைத்தாள். "அண்... தாத்தா. மேல பாருங்க."

பார்த்தேன். பழக்கம், கழுத்து தானாகப் போய்விட்டது. சுவரில் மீட்டர். அதன் நேர் கீழே ஒரு ஸ்டூல். நீலப் பெயிண்ட் அடித்த ஸ்டூல், மேலே பூ வேலை செய்த துணி விரித்து. மிக்ஸி உட்கார்ந்திருக்குமே, அதேதான். எனக்கு அடையாளம் தெரியாதா?

"ஏறுங்க தாத்தா" என்றாள் அந்த அம்மா.

ஏறினேன். என் ஆயுளில் முதல் தடவையாக ஒரு மீட்டரை நேருக்கு நேர் பார்த்தேன். எக்க வேண்டியதில்லை. அப்படியே கண்ணுக்குக் கண். கை தானாக நெற்றிக்குப் போனது, விரல் தானாக உள்ளங்கையில் எழுதியது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் டிரம் கேட்கவில்லை. "எங்க தாத்தாதான்! எங்க தாத்தாதான்!" என்று அந்த ரிப்பன் பெண் குதித்தாள். கலையைப் பாருங்கள், தம்பி. அடவை வைத்தே பிள்ளைகள் கண்டுகொள்கின்றன.

அடுத்த வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஒரு ஸ்டூல். மீட்டருக்கு நேர் கீழே. அதற்கடுத்த வீட்டிலும். ஒரு வீட்டில் ஸ்டூல் இல்லாமல் உரலைக் கவிழ்த்துப் போட்டு, கோலம் போட்டு வைத்திருந்தார்கள். தெரு முழுக்க, தம்பி. வரிசையாக. அது ஏன் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. தாத்தாவுக்கு உயரமான ஆசனம் கொடுக்கிற வழக்கம் வெளிநாட்டில் இருக்கலாம், டிவியில் பார்த்திருப்பார்கள். ஆனால் அதை ஏன் எல்லோரும் மீட்டருக்குக் கீழேயே போட வேண்டும்? ரூபவதியிடம் கேட்டேன். அவள் டம்ளரை என் கையில் திணித்து, "காப்பி ஆறுது, குடிங்க" என்றாள்.

கடைசியாக வேதமாணிக்கம் வீடு. சின்ன நட்சத்திரம், அடக்கமாக. ஸ்டூல் கொஞ்சம் ஆட்டம் கொடுத்தது. வேதமாணிக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர். "ஏறுங்க. நான் பிடிச்சிருக்கேன். பயப்படாம நல்லாப் பாத்துக்கிடுங்க, ஓடுது" என்றார்.

பார்த்தேன். ஓடியது.

மேலே நின்றபடி அவருடைய வழுக்கையைப் பார்த்தேன். எவ்வளவு பணிவு! தாத்தாவுக்கு என்று வந்துவிட்டால் மனிதர்கள் எப்படி மாறிப்போகிறார்கள் பாருங்கள். அது இந்த தேவஇரக்கம் என்று தெரிந்திருந்தால் பிடித்திருப்பாரா? ஒரு நாளும் பிடித்திருக்க மாட்டார். அதற்காகத்தான் சொல்கிறேன், ரகசியம் பத்திரமாக இருக்க வேண்டும். முகமூடிக்குள் மறுபடியும் தாடி நனைந்தது. எலி வந்ததுகூட அந்த உப்புக்குத்தான் என்பாள் ரூபவதி.

அதோ, வளைவு தாண்டினால் எங்கள் ஊர். பையை இப்படிக் கொடுங்கள். தாடியை உள்ளே திணித்துக்கொள்கிறேன். இந்த பஸ்ஸில் படி உயரம், எனக்கு இறங்குவது எப்போதும் ஒரு போராட்டம்தான்.

பாருங்கள், டீக்கடைக்காரர் எழுந்து வருகிறார். கையில் என்ன, ஸ்டூலா? இவரும் வாங்கிவிட்டாரா? படிக்கு நேரே கொண்டுவந்து போடுகிறாரே. யாருக்கோ?

நான் இறங்கினதும் அவர் கேட்டால், பையில் முட்டைக்கோசு என்று சொல்லிவிடுங்கள், தம்பி.